குளிசையின் பெயர்: சேனக பிபிலேயும் மருந்துக் கம்பனிகளும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் வரிசையில் விட்டுவிட்டு, எங்களூர்ப் பாமசிகள் நான்கிற்கும் நடந்தே போனேன். வாப்பாவுக்குச் சீனி வருத்தம். இருபது வருடமாக ஒரே குளிசைதான்; ஒரே கம்பனி, ஒரே பெட்டி, ஒரே நிறம். அன்று அது எங்கேயும் இல்லை. நான்காவது பாமசியில் நின்ற தம்பி வேறோர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுவும் அதே மருந்துதான் சேர். பேர்தான் வேற. விலையும் பாதிதான்."

வாங்கிக்கொண்டு வந்தேன். வாப்பா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

"இது எனக்குச் சரிவராது மன. டொக்டர் எழுதினது இதில்ல."

"உள்ளுக்கு இரிக்கிற மருந்து ஒண்டுதான் வாப்பா. மெட்ஃபோமின்."

"அப்ப ஏன் டொக்டர் அந்தப் பேரை எழுதல்ல?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் தமிழ் படித்தவன், மருந்து படித்தவனல்லன். ஆனால் வாப்பா கேட்டது மருந்தைப் பற்றிய கேள்வி அல்ல, பெயரைப் பற்றிய கேள்வி என்பது பின்னர்தான் புரிந்தது. இந்த நாட்டில் ஓர் அரசாங்கம் அதே கேள்வியைக் கேட்டு, பல்தேசியக் கம்பனிகளோடு மோதி, பாதி வழியில் பின்வாங்கிய வரலாறு ஒன்று இருக்கிறது. நம்மில் அதை அறிந்தவர்கள் குறைவு. உயர்தர வகுப்பில் இருபது வருடமாகப் படிப்பிக்கும் எனக்கே அது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்

நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பொது, சிறப்பு என்று மேலும் வகுக்கிறது. மரம் என்பது பொதுப்பெயர். பனை, மா என்பன சிறப்புப்பெயர்கள். மருந்துக் கடையில் நடப்பது இதற்குத் தலைகீழானது. அங்கே பனை ஒன்றுதான். அந்த ஒரே பனைக்குப் பத்துக் கம்பனிகள் பத்துச் சிறப்புப்பெயர் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு விலை. டொக்டர் சீட்டில் எந்தப் பெயரை எழுதுகிறாரோ, அந்த விலையை நோயாளி கொடுக்கிறார்.

மற்றச் சந்தைகளில் இப்படி நடப்பது கடினம். மீன் வாங்கப் போகிறவர் தானே பார்த்து, விலை பேசி, தன் காசைக் கொடுத்து வாங்குகிறார். மருந்தில் தெரிவு செய்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். தெரிவு செய்பவருக்கு விலை வலிக்காது. காசு கொடுப்பவருக்குப் பெயர் விளங்காது. இந்த இடைவெளியில்தான் கம்பனிகளின் பிரதிநிதிகள் கைப்பையோடு வந்து நிற்கிறார்கள். இலவச மாதிரிகள், அழகாக அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள், கருத்தரங்குகள் எல்லாம் டொக்டரின் பேனாவை நோக்கியே போகின்றன. சுதந்திரம் கிடைத்த பின்னரும் இலங்கையின் தனியார் மருந்துச் சந்தை இப்படியே இயங்கியது. அன்றைய வெளிநாட்டுச் செலாவணியில் ஒரு பங்கு இந்தப் பெயர்களுக்காகவே வெளியே போனது.

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பில் மருத்துவராகி, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். அரச வைத்தியசாலைகளுக்கு எந்த மருந்துகள் தேவை, அவற்றை எந்தப் பொதுப்பெயரில் வாங்குவது என்ற பட்டியல் வேலையை 1950களின் இறுதியிலேயே தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அரச வைத்தியசாலைக்குள் அந்த ஒழுங்கு மெல்ல மெல்ல வந்தது. தனியார் சந்தை மட்டும் பழையபடியே இருந்தது.

1971

1970 மே மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்தது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் பங்காளிகள். கஜானாவில் வெளிநாட்டுக் காசு இல்லை. இந்த நெருக்கடியை மறந்துவிட்டுப் பிபிலேயின் கொள்கையை வெறும் இடதுசாரிக் கனவு என்று வாசிப்பது தவறு. மருந்துக்குப் போகும் டொலரைக் குறைக்கவேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இருந்தது. அதை எப்படிக் குறைக்கலாம் என்பது பிபிலேக்குத் தெரிந்திருந்தது. தேவையும் அறிவும் ஒரே நேரத்தில் சந்தித்தன.

கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971இல் ஓர் அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் சாரம் எளிமையானது. நாட்டுக்கு வேண்டிய மருந்துகளை அறிவியல் அடிப்படையில் தெரிவு செய்யவேண்டும். அவற்றை ஒரே நிறுவனம், உலகம் முழுதும் விலைமனுக் கோரி, மொத்தமாக வாங்கவேண்டும். விற்பனை பொதுப்பெயரில் நடக்கவேண்டும். டொக்டர்களுக்குக் கம்பனிப் பிரதிநிதி சொல்லும் தகவலுக்குப் பதிலாகப் பக்கச் சார்பற்ற தகவல் போகவேண்டும். மெல்ல மெல்ல உள்நாட்டிலேயே மருந்து செய்யவேண்டும்.

அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலே அதன் முதல் தலைவர். இன்று கொழும்பிலும் பிற நகரங்களிலும் நாம் காணும் ஒசுசல மருந்தகங்கள் இந்தக் கூட்டுத்தாபனத்துக்கு உரியவை. 1972 முதல் அது இறக்குமதியைப் படிப்படியாகத் தன் கைக்கு எடுத்தது. தனியார் சந்தையில் இறக்குமதியாகிய மருந்துகள் சுமார் 2,100 இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. குறைந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மருந்தின் வேறு வேறு பெயர்களும், பயன் நிரூபிக்கப்படாத கலவைகளும்தான்.

முடிவு செய்த குளிசைகளோடு இது நிற்கவில்லை. இலங்கையிலேயே சில வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு ஆலைகள் இருந்தன. அவை மூலப்பொருளைத் தங்கள் தாய்க் கம்பனியிடமிருந்தே வாங்கின. உம்மாவின் கடையிலிருந்து மகனின் கடைக்குச் சாமான் போவது போன்ற வியாபாரம் இது. பில்லில் என்ன விலையும் போடலாம். விலையைக் கூட்டிப் போட்டால் இங்குள்ள ஆலை இலாபமே காணாதது போலத் தெரியும்; இலாபம் வெளியே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே உலகச் சந்தையில் வாங்கி ஆலைகளுக்குக் கொடுக்கும் என்று பிபிலே சொன்னார். குளிசைப் பட்டியலைக் குறைத்தபோது கம்பனிகள் முணுமுணுத்தன. மூலப்பொருளில் கைவைத்ததும் நேரடியாக எதிர்த்தன.

கம்பனிகள் பேசிய நான்கு வாய்கள்

பிபிலேயும், ஒக்ஸ்போர்ட் பொருளியலாளர் சஞ்சய லாலும் இணைந்து எழுதிய ஓர் ஆய்வு 1977இல் வெளிவந்தது. பல்தேசியக் கம்பனிகளைக் கட்டுப்படுத்த முயன்ற ஒரு சிறிய நாட்டின் அனுபவம் என்ற வகையில் அதை இன்றும் பலர் படிக்கிறார்கள். அதையும் அக்காலத்தைப் பற்றிய பிற எழுத்துக்களையும் படித்தபோது எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. கம்பனிகள் தங்கள் சொந்த வாயால் அதிகம் பேசவில்லை. நான்கு வேறு வாய்களால் பேசின.

முதல் வாய் டொக்டர்களுடையது. தனியார் மருத்துவம் செய்தவர்களில் பலர் கொள்கையை எதிர்த்தார்கள். நோயாளிக்கு எதை எழுதுவது என்பது மருத்துவரின் சுதந்திரம் என்றார்கள். மலிவான நாடுகளிலிருந்து வரும் மருந்து தரமற்றது என்றார்கள். இவர்கள் எல்லோரும் கம்பனியிடம் காசு வாங்கியவர்கள் என்று சொன்னால் அது அபாண்டம். பெரும்பாலானோர் உண்மையாகவே அப்படி நம்பினார்கள். பல வருடங்களாக ஒருவருக்கு மருந்து பற்றிய தகவல் ஒரே வாசலால் வந்தால், அந்த வாசல்காரன் சொல்வதையே அவர் தன் சொந்த அறிவு என்று எண்ணத் தொடங்குவார். கம்பனிகளின் செல்வாக்கில் மிகவும் பலமானது இதுதான் என்பேன்.

இரண்டாவது வாய் கடிதம். 1973இல் அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் நமது பிரதமருக்கே நேரடியாக எழுதியது. ஒரு நாட்டின் கம்பனிகளுடைய சங்கம் இன்னொரு நாட்டின் பிரதமருக்குக் கொள்கை பற்றி எழுதுவதை இன்று நாம் பெரிதாக எடுக்கமாட்டோம். அன்று அதன் பொருள் பிரதமருக்கு நன்றாக விளங்கியிருக்கும்.

மூன்றாவது வாய் கைவிரிப்பு. சொன்னதைச் செய்யாமல் இருப்பதும் ஒருவகைப் பேச்சுத்தான்.

நான்காவது வாய் தூதுவரகம்.

மூன்றாவதும் நான்காவதும் சந்தித்த இடம் 1974.

நின்ற இயந்திரம்

அந்தக் காலத்தில் நாட்டில் கொலரா பரவியிருந்தது. நம்மூர் பாஷையில் வாந்திபேதி. கொலராவுக்கு டெட்ராசைக்கிளின் முக்கியமான மருந்து. கொழும்பிலிருந்த பைசர் கம்பனியின் ஆலையில் அந்த மருந்தைக் கூட்டில் அடைக்கும் இயந்திரம் இருந்தது. கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் கம்பனியின் மூலப்பொருளை வாங்கி, அதைக் கூடுகளில் அடைத்துத் தரும்படி கேட்டது. பைசர் மறுத்தது. தாய்க் கம்பனியின் மூலப்பொருள் அல்ல என்பதுதான் சிக்கல். இயந்திரம் சும்மா நிற்க, அடைத்து முடித்த கூடுகளைக் கூடிய செலவில் விமானத்தில் கொண்டுவரவேண்டி வந்தது.

அந்த ஆலையை அரசு சுவீகரிக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. தொழில் முயற்சிகளைச் சுவீகரிப்பதற்கான சட்டம் 1971 முதல் அரசாங்கத்தின் கையில் இருந்தது. ஆனால் அமெரிக்கத் தூதுவர் நேரடியாகப் பிரதமரோடு பேசினார். சுவீகரிப்பு நடக்கவில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் கேட்கலாம்: பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பலம் கொண்ட ஒரு பிரதமர், ஒரு தூதுவர் வந்து பேசியதற்காகப் பின்வாங்குவாரா? விடைக்குப் பதினோரு வருடம் பின்னால் போகவேண்டும்.

1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் அமைச்சர் டி.பி. இலங்கரத்ன. அப்போது நாட்டின் எண்ணெய் விநியோகம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளின் கையில் இருந்தது. சோவியத் யூனியன் போன்ற நாடுகளிலிருந்து குறைந்த விலைக்கு எண்ணெய் கிடைத்தது. 1962இல் அந்தக் கம்பனிகளின் விநியோக நிலையங்களில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. நட்ட ஈட்டுத் தொகையில் உடன்பாடு வரவில்லை.

அதே 1962இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் அதை ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்பார்கள். அமெரிக்கச் சொத்தை எடுத்த நாடு ஆறு மாதத்துக்குள் நட்ட ஈட்டுக்குரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த நாட்டுக்கான உதவி நிறுத்தப்படவேண்டும் என்பது அதன் சாரம். 1963 பெப்ரவரியில் அந்தத் திருத்தம் உலகிலேயே முதன்முதலாக ஒரு நாட்டின் மீது பாய்ந்தது. அந்த நாடு இலங்கை. அன்றைய பிரதமரும் சிறிமாவோதான். 1965இல் ஆட்சி மாறி, டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் கம்பனிகளோடு நட்ட ஈட்டு உடன்பாட்டுக்கு வந்த பிறகே உதவி திரும்ப வந்தது.

இவ்வளவும் பட்டவரின் முன்னால் 1974இல் தூதுவர் வந்து நிற்கிறார். எண்ணெய் விலை உலகம் முழுதும் ஏறியிருந்த நேரம். கோதுமை மாவுக்கே வழியில்லாத நேரம். தூதுவர் என்ன சொன்னார் என்பதைவிட, பிரதமர் எதை நினைத்திருப்பார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது எனது ஊகம்தான். ஆனால் ஒருமுறை அடிபட்ட மாட்டுக்குப் பிறகு பிரம்பைக் காட்டினாலே போதும் என்பது நம் கிராமத்தவர் அறிந்த விஷயம்.

கூட்டுத்தாபனத்தில் குறையே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சில மருந்துகள் நேரத்துக்கு வரவில்லை. வந்த மருந்தின் தரத்தைச் சோதிக்கும் வசதி நாட்டில் போதாமல் இருந்தது. ஒரு தொகுதி பழுதானாலும் கொள்கையே பழுது என்று காட்ட ஆட்கள் தயாராக இருந்தார்கள். பரிசோதனைச் சாலைக்கு முன்பே போதிய பணம் ஒதுக்கியிருந்தால் அந்த வாயை அடைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1976, 1977

1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலேக்கு இருந்த அரசியல் நிழல் போனது. அடுத்த ஆண்டு அவர் கூட்டுத்தாபனத்தை விட்டு விலகி, ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்டாட்டுக்காக வேலை செய்யத் தொடங்கினார். இலங்கையில் செய்ததை மற்ற ஏழை நாடுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அந்த வேலை. 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி, அந்தப் பணிக்காகக் கயானாவுக்குப் போயிருந்த இடத்தில் காலமானார். வயது 57. அந்த மரணத்தைப் பற்றிச் சந்தேகக் கதைகள் பல உலவுகின்றன. நிரூபிக்கப்படாதவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. சந்தேகத்தைக் கதைத்துக் கதைத்தே அவர் செய்த வேலையை மறந்துவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. ஒரு நாட்டுக்கு உண்மையில் தேவைப்படுபவை சில நூறு மருந்துகளே என்பதை உலகம் ஏற்ற ஆண்டு அது. அந்த ஆண்டு ஜூலையில் நமது நாட்டில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் மீண்டும் மருந்து இறக்குமதி செய்ய வழி திறந்தது. கம்பனிப் பெயர்கள் திரும்பி வந்தன. கூட்டுத்தாபனம் மூடப்படவில்லை. அரச வைத்தியசாலைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் வேலையும் ஒசுசலைகளும் அதனிடம் எஞ்சின. ஆனால் சந்தைக்கு ஒழுங்கு சொல்லும் அதிகாரம் போய்விட்டது.

அதற்காக யாராவது அன்று வீதிக்கு இறங்கினார்களா? இறங்கியதாக நான் எங்கும் படிக்கவில்லை. வாப்பாவிடமும் கேட்டேன். அவர் அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர்.

"சிறிமா காலமா? பாண் கியூதான் மன ஞாபகம் வருகுது. மாவில்ல, சீனியில்ல, துணியில்ல. ஆட்சி மாறின அன்றைக்கு நாங்க பட்டாசு கொழுத்தினம்."

"மருந்து?"

"மருந்தும் இல்லாமத்தான் இருந்திரிக்கும். அந்தக் காலத்தில என்னதான் இருந்திச்சி?"

இங்கேதான் கம்பனிகள் வென்றன என்று நான் நினைக்கிறேன். மருந்துக் கொள்கை பாண் வரிசையின் ஞாபகத்துக்குள் புதைந்துபோனது. மாவில்லாத காலத்தோடு சேர்த்து, மலிவான நல்ல மருந்துக்கான ஒழுங்கையும் சனம் வழியனுப்பியது. அது தங்களுக்காகச் செய்யப்பட்டது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சிங்களத்திலாவது கொஞ்சம் எழுதப்பட்டது; தமிழில் அதுவும் குறைவு. கூட்டுறவுக் கடையில் வரிசையை ஒழுங்குபடுத்திய என் வாப்பாவுக்கே, கொலரா நேரத்தில் நின்றுபோன இயந்திரத்தின் கதை ஐம்பது வருடம் கழித்து என்னிடமிருந்துதான் தெரிந்தது.

டாக்காவில்

இதே கொள்கையை வங்காளதேசம் 1982இல் கையில் எடுத்தது. அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர் டொக்டர் ஸபருல்லாஹ் சௌத்ரி. விடுதலைப் போரின்போது லண்டனில் படிப்பை விட்டுவந்து போர்க்கள வைத்தியசாலை நடத்தியவர். பிறகு கிராமத்து ஏழைகளுக்கான சுகாதார நிலையத்தை நிறுவியவர். எட்டுப் பேர் கொண்ட நிபுணர் குழு ஒன்று சில வாரங்களில் அறிக்கை கொடுத்தது. 1982 ஜூனில் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. பயனற்றவை, கேடானவை என்று கண்ட 1,700க்கு மேற்பட்ட மருந்துகள் நீக்கப்பட்டன. 150 அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் வந்தது.

அங்கேயும் அதே நான்கு வாய்கள் பேசின. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. அமெரிக்கத் தூதுவர் ஆட்சியாளரைச் சந்தித்தார். சில திருத்தங்களும் நடந்தன. ஆனால் சட்டம் நின்றது. உள்நாட்டு ஆலைகள் வளர்ந்தன. இன்று அந்த நாடு தன் மருந்துத் தேவையில் மிகப் பெரும்பகுதியைத் தானே செய்வதோடு ஏற்றுமதியும் செய்கிறது. 2022 நெருக்கடியில் இலங்கைக்கு மருந்து அன்பளிப்புச் செய்த நாடுகளில் வங்காளதேசமும் ஒன்று.

அங்கே நின்றது, இங்கே ஏன் நிற்கவில்லை? வங்காளதேசத்தின் சட்டத்தில் கையொப்பமிட்டவர் எர்ஷாத் என்ற இராணுவ ஆட்சியாளர். ஆகவே ஜனநாயகம் வென்றது என்று கதைவிட எனக்கு மனமில்லை. நான் காணும் வித்தியாசம் வேறு. அங்கே கொள்கை தனியொரு சட்டமாக எழுதப்பட்டது. அதனால் பயன்பெறும் உள்நாட்டு ஆலைகளும் வளர்ந்து, ஆட்சிகள் மாறியபோது அதைக் காக்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே கொள்கை ஒரு கூட்டுத்தாபனத்தின் நடைமுறையாகவும், ஒரு பேராசிரியரின் கதிரையாகவும் இருந்தது. கதிரையிலிருந்தவர் எழும்பியதும் அதுவும் எழும்பிப் போய்விட்டது.

முப்பத்தெட்டு வருடம்

பிபிலே மறைந்த பின்னர் அவருடைய பெயரைச் சொல்லாத சுகாதார அமைச்சர் அரிது. 2005இல் தேசிய மருந்துக் கொள்கைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தது. அது சட்டமாக மேலும் பத்து வருடம் எடுத்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உருவானது. டொக்டர் சீட்டில் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்ற விதி அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. 1977 இலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு வருடத் தாமதம். கம்பனிகள் எப்போதும் வாதத்தில் வெல்லவேண்டும் என்றில்லை. தாமதமே அவர்களுக்குப் போதும். ஒவ்வொரு வருடத் தாமதமும் ஒரு வருட விற்பனை.

சட்டம் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2022இல் டொலர் இல்லாமற் போனபோது அவசரக் கொள்வனவு என்ற பெயரில் பதிவு நடைமுறைகள் தளர்ந்தன. அதைத் தொடர்ந்து தரமற்ற இமியுனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வெளிவந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். அது நீதிமன்றத்தின் விஷயம். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பற்றாக்குறைக் காலத்தில்தான் சட்டம் அதிகம் தேவைப்படுகிறது. அப்போதுதான் அதைத் தளர்த்தச் சொல்லும் குரலும் கூடுதலாகக் கேட்கிறது. 1974இலும் அப்படித்தான் இருந்தது.

நான் படிப்பிப்பது தமிழ் என்றாலும், அந்த ஆண்டு பெயரியல் பாடத்தின்போது மாணவர்களிடம் ஒன்று சொன்னேன். வீட்டில் முடிந்துபோன குளிசை அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். இருபத்தாறு அட்டைகள் வந்தன. பெரிய எழுத்தில் இருந்த பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். இருபத்தாறு அட்டைக்குப் பன்னிரண்டு பெயர்கள்தான் தேறின. "அப்ப சேர், எங்கட உம்மம்மா ஒரே மருந்தை ரெண்டு பேரில ரெண்டு தரம் குடிக்கிறாவா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளது உம்மம்மா இரண்டு டொக்டர்களிடம் மருந்து எடுப்பவர். அடுத்த நாளே அவளது வாப்பா சீட்டுகளைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தை அட்டைகளோடுதான் நடத்துகிறேன். மௌலவிமாரும், பள்ளிவாசல் நிர்வாக சபைகளும், ஊர்ச் சங்கங்களும் இலவச மருத்துவ முகாம் நடத்தும்போது இந்தச் சிறிய எழுத்துப் பெயரையும் வாசிக்கக் காட்டினால் நல்லது. டொக்டரிடம் பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்பது நம் உரிமை. சட்டமும் அதையே சொல்கிறது. கேட்காமலே குளிசையை மாற்றுவது வேறு விஷயம். அதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

வாப்பா அந்த மலிவான அட்டையைக் கடைசியில் குடித்தார். டொக்டரிடம் கூட்டிப்போய், அவர் வாயால் சொல்லவைத்த பிறகுதான். சீனி அளவு பழையபடியே இருந்தது. அடுத்த வருடம் பழைய பெட்டி பாமசிக்குத் திரும்பி வந்ததும் அதையே வாங்கிவரச் சொன்னார். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டிலும் சிறிய எழுத்தைத் தேடி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இந்தப் பேரை இவ்வளவு சின்னதாப் போட்டிரிக்கான்" என்றார்.